மாவு உப்பும் நேரத்தில் அத்தியாயம் எழுதுவது: எந்த பிரெட்டுக்கு எந்த எழுத்து வேலை?

#1 ஏழாம்கோட்டை

வணக்கம். ஃபேன்டஸி நாவல் எழுதுபவர்களும் வீட்டில் பிரெட் போடுபவர்களும் இந்தக் குழுவில் நிறைய இருப்பதால் இங்கேயே கேட்கிறேன். காலையில் மூன்று மணி நேரம் எழுத்துக்கு என்று வைத்துக்கொள்வோம். பிரெட்டும் அதே காலையில் ஆக வேண்டும். அரை மணிக்கொரு முறை மாவை மடிக்கச் சொல்லும் செய்முறைகள் காட்சியின் நடுவில் எழுப்பிவிடுகின்றன. எழாமல் இருந்துவிட்டால் மாவு தளர்ந்து, வெந்ததும் தட்டையாக வருகிறது. இரண்டும் கெடாமல் இருக்க எந்தச் செய்முறை ஒத்துவரும்? எந்த எழுத்து வேலையை எந்த இடைவெளியில் வைக்கலாம்? அளவுகளோடு சொன்னால் நல்லது.

கதைக்குள் வரும் ரொட்டி, அடுப்பு, பயண உணவு பற்றியும் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதுவும் இதே வேலையின் ஒரு பகுதிதானே.

#2 புளித்தமா

மடிக்காமல் விட்டால் தளர்வதற்குக் காரணம் உண்டு. அந்தச் செய்முறைகள் மூன்று நான்கு மணி நேரத்தில் முடிபவை. அவ்வளவு குறைந்த நேரத்தில் க்ளூட்டன் (மாவின் புரதம் பின்னிக்கொள்ளும் வலை) தானாக வலுப்பெறாது, மடிப்பதால்தான் பெறும். அதனால் அவற்றில் மடிப்பைத் தவிர்க்க முடியாது. வேலையைக் குறைக்க வேண்டுமானால் நேரத்தை நீட்ட வேண்டும். ஈரமான மாவு 12 மணி நேரம் சும்மா கிடந்தாலே க்ளூட்டன் பின்னிக்கொள்ளும்.

முதல் வரைவு எழுதும் நாட்களுக்குப் பிசையாத பிரெட்டைத்தான் சொல்வேன்:

பிரெட் மாவு 400 கிராம், தண்ணீர் 300 கிராம், உப்பு 8 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 கிராம். மைதா என்றால் தண்ணீரை 270 கிராமாகக் குறையுங்கள். மைதாவில் புரதம் குறைவு, அவ்வளவு நீரைத் தாங்காது. ஈஸ்ட் 1 கிராம் என்பது கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. சாதாரணச் சமையல் தராசு இந்த அளவைச் சரியாகக் காட்டாது, ஸ்பூனையே நம்பலாம்.

இரவில் எல்லாவற்றையும் கரண்டியால் கலந்து மூடி வையுங்கள். ஐந்து நிமிட வேலை. அறை 21, 22 டிகிரியில் இருந்தால் 12 முதல் 16 மணி நேரம் பிடிக்கும். 28 டிகிரிக்கு மேல் என்றால் ஈஸ்டைப் பாதியாக்கி, தண்ணீரைக் குளிரவைத்து ஊற்றுங்கள். அப்படியும் 8 மணி நேரத்தில் தயாராகிவிடும். வெயில் காலத்தில் இந்தச் செய்முறை ஓடவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். செய்முறையில் போட்டிருக்கும் மணிக்கணக்கு, அதை எழுதியவரின் சமையலறை வெப்பத்துக்கானது.

காலையில் மேசையில் மாவு தூவி, நான்கு ஓரத்தையும் நடுவுக்கு இழுத்து மடித்து, மடிப்பு கீழே வருமாறு பேக்கிங் தாளில் வையுங்கள். இனி ஒரு மணி நேரம் அது உங்களைக் கூப்பிடாது. அந்த ஒரு மணி நேரம் புதுக் காட்சிக்கு. இதில் கடைசிக் கால்மணிக்கு முன் ஓவனை 230 டிகிரியில் போட்டால் போதாது. கனமான இரும்புப் பாத்திரத்தை உள்ளே வைத்துக் குறைந்தது 40 நிமிடம் சூடேற்ற வேண்டும். ஆகவே மாவை உருட்டிவைத்த 20ஆவது நிமிடத்துக்கு ஓவன் தானாகத் தொடங்கும்படி அமைத்துவிடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் உட்காரும் முன்பே ஓவனைப் போட்டுவிடுங்கள். கொஞ்சம் மின்சாரம் கூடுதலாகும், காட்சி உடையாது.

பிறகு தாளோடு தூக்கிப் பாத்திரத்தில் இறக்கி, மூடி போட்டு 30 நிமிடம், மூடியை எடுத்து 15 நிமிடம். உள் வெப்பம் 96 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. ஒரு மணி நேரமாவது ஆறிய பிறகு வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் உள்ளே ஸ்டார்ச் இறுகியிருக்காது, கத்தியில் பசை போல இழுக்கும்.

#3 ஓரக்குறிப்பு

புளித்தமா அக்கா சொன்னதில் பிரெட் பக்கம் முழுசா ஏத்துக்கறேன். எழுத்துப் பக்கத்துல ஒண்ணு சேர்க்கணும். அரை மணிக்கொரு முறை எழுந்திருக்கறதே கெடுதல்னு எடுத்துக்காதீங்க. எந்த வேலையில இருக்கோம்ங்கறதைப் பொறுத்தது அது.

புதுக் காட்சி எழுதும்போது முதல் கால்மணி சூடு பிடிக்கவே போயிடும். மிச்சம் இருக்கற கால்மணியில எழுப்பிவிட்டா காட்சி அங்கேயே செத்துடும். ஆனா வரி வரியாத் திருத்தற வேலைக்கு அரை மணிதான் சரியான நீளம். அதுக்கு மேல போனா கண்ணு தப்பைப் பார்க்காது, மனசுல இருக்கறதைப் படிச்சுட்டுப் போயிடும். அஞ்சாறு பக்கம் திருத்து, எழுந்து மாவை மடி, கை கழுவு, அடுத்த அஞ்சு பக்கம். நாலு மடிப்பு முடியும்போது ஒரு அத்தியாயம் முடிஞ்சிருக்கும். அதனால அந்த மடிக்கற செய்முறையைத் தூக்கிப் போடாதீங்க, ரெண்டாம் வரைவுக்கு எடுத்து வைங்க.

அடுத்து, எழுந்திருக்கும் முன்னாடி செய்ய வேண்டியது. காட்சி நடுவுல டைமர் அடிச்சா அந்த வாக்கியத்தை முடிக்காதீங்க. பாதியில விட்டுட்டு அதுக்குக் கீழே மூணு விஷயம் தட்டச்சு பண்ணுங்க: யார் எங்கே நிக்கறாங்க, யார் கையில என்ன இருக்கு, அடுத்து யார் என்ன சொல்லப் போறாங்க. உதாரணத்துக்கு: "காவலன் வாசலில், முதுகு உள்பக்கம். விளக்கு சிறுமியின் இடது கையில், எண்ணெய் குறைவு. கிழவர் சாவியைக் கேட்கப் போகிறார், கேட்டதும் சிறுமி பொய் சொல்வாள்." இவ்வளவு போதும். திரும்பி வந்து உட்கார்ந்தா ரெண்டு நிமிஷத்துல உள்ளே போயிடலாம். உணர்ச்சியைக் குறிச்சு வைக்காதீங்க. "சோகம்"னு எழுதி வச்சா திரும்பி வந்து பார்க்கும்போது ஒண்ணுமே கிடைக்காது. பொருளும் கையும் இடமும்தான் காட்சியைத் திருப்பிக் கொண்டுவரும்.

மூடி போட்டு வேகற அந்த 30 நிமிஷத்துல நேத்து எழுதினதைச் சத்தமாப் படிக்கலாம். புதுசா எதையும் தொடங்காதீங்க.

#4 ஏழாம்கோட்டை

இரண்டு பதிலும் மிகவும் உதவியாக இருக்கின்றன. ஈஸ்டுக்குப் பதில் ஸ்டார்ட்டர் (மாவும் தண்ணீரும் கலந்து புளிக்கவைத்தது) வைத்துச் செய்தால் இந்த ஏற்பாடு என்னவாகும்? தினமும் புது மாவும் தண்ணீரும் ஊட்ட வேண்டுமா? இன்னொரு நடைமுறைக் கேள்வி: ஒட்டும் கையோடு விசைப்பலகைக்குத் திரும்புவது.

#5 புளித்தமா

வாரம் ஒன்றிரண்டு பிரெட்டுக்கு ஸ்டார்ட்டரை வெளியே வைக்கத் தேவையில்லை. ஃபிரிட்ஜில் வைத்து வாரம் ஒருமுறை ஊட்டினால் போதும். சுடுவதற்கு முந்தைய நாள் வெளியே எடுத்து ஊட்ட வேண்டும். விகிதத்தை மாற்றியே நேரத்தை உங்கள் வசத்துக்குக் கொண்டுவரலாம். 25 டிகிரியில், ஸ்டார்ட்டர், மாவு, தண்ணீர் மூன்றும் சம எடை என்றால் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் உச்சிக்கு வரும். 1:5:5 என்றால் பத்து பன்னிரண்டு மணி நேரம். இரவு பத்து மணிக்கு 10 கிராம் ஸ்டார்ட்டர், 50 கிராம் மாவு, 50 கிராம் தண்ணீர் கலந்தால் காலை எழுத்து முடியும் நேரத்துக்குத் தயாராக இருக்கும். ஜாடியில் ரப்பர் பேண்ட் போட்டு ஆரம்ப மட்டத்தைக் குறியுங்கள். மேல் விளிம்பு கும்மட்டமாக இருந்து தட்டையாகத் தொடங்கும் நேரம்தான் பயன்படுத்தும் நேரம். நடு குழிந்துவிட்டால் தாமதம். பாதகமில்லை, பிரெட் புளிப்பாக வரும், சற்றுக் குறைவாக உப்பும்.

ஸ்டார்ட்டர் பிரெட்டின் பெரிய வசதி ஃபிரிட்ஜ்தான். உருட்டிய மாவை 4 டிகிரியில் 8 முதல் 16 மணி நேரம் வைக்கலாம். ஈஸ்ட் கிட்டத்தட்ட உறங்கிவிடும், அமிலம் மட்டும் மெல்லக் கூடும். காலையில் காட்சி நன்றாக ஓடினால் ஓடவிடுங்கள், ஒரு மணி நேரம் தாமதமானாலும் மாவுக்கு ஒன்றும் ஆகாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் நேராகச் சுடலாம். சுடும் முன் மேலே கோடு போடும்போது, குளிர்ந்த மாவில் பிளேடு சுத்தமாகக் கீறும்.

கைக்கு: முதலில் உலர்ந்த மாவைக் கையில் தேய்த்து உருட்டி உதிர்த்துவிடுங்கள். மிச்சத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் ஸ்டார்ச் கஞ்சியாகி இன்னும் ஒட்டும். நகக்கண்ணில் தங்கும் மாவு விசைகளுக்கு இடையில் விழுந்து காய்ந்தால் கல்லாகிவிடும், எனவே நகத்துக்கு ஒரு பழைய பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள்.

#6 நிலாக்கணக்கு

ஓவன் நேரத்தில் சத்தமாகப் படிப்பது நல்லதுதான். ஆனால் அந்த 15 நிமிடத்தை (மூடி எடுத்த பிறகு) கணக்கு அட்டவணைக்குக் கொடுங்கள் என்பேன். ஃபேன்டஸியில் இது இல்லாமல் இரண்டாம் பாகத்துக்குப் போகவே கூடாது.

ஒரு விரிதாள். ஒரு வரிசைக்கு ஒரு காட்சி. பத்திகள்: கதை நாள், நிலாவின் வயது (அமாவாசையிலிருந்து எத்தனையாவது நாள்), இடம், இருப்பவர்கள், காயங்கள், கைமாறிய பொருள்கள், மந்திரம் செலவான அளவு. கடைசியில் சொன்னதுதான் அதிகம் தவறும். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கதவைத் திறக்க மயங்கி விழுந்தவள், இருபதில் ஒரு பாலத்தையே தூக்கிவிட்டு நடந்து போவாள். வாசகர் மன்னிக்க மாட்டார்.

நிலா நம்முடையதைப் போல இருந்தால் சுற்று 29.5 நாள். வளர்பிறைக் கீற்று சூரியன் மறைந்ததும் மேற்கில் தெரியும், விரைவில் மறையும். நள்ளிரவில் அதன் வெளிச்சத்தில் யாரும் ஒளிந்து போக முடியாது. முழுநிலா மாலையில் கிழக்கே எழும். தேய்பிறைக் கீற்று விடியலுக்கு முன் கிழக்கில். ஒவ்வொரு நாளும் உதயம் சராசரி 50 நிமிடம் தள்ளிப்போகும். இரண்டு நிலா வைத்தால் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போடுங்கள். கடலோர நகரம் இருந்தால் ஓதமும் (கடல் ஏற்ற இறக்கமும்) மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

தூரங்களுக்கு: நடப்பவர் நாளுக்கு 25 முதல் 30 கிலோமீட்டர். நடையில் போகும் குதிரை மணிக்கு 6 கிலோமீட்டர், நல்ல பாதையில் நாளுக்கு 40, 50. மாட்டுவண்டி மணிக்கு 3, நாளுக்கு 15 முதல் 20. குதிரை இரவும் பகலும் ஓடுவதாக எழுதினால் வழியில் மாற்றுக் குதிரை வைக்க வேண்டும்.

#7 மாவரை

கதைக்குள் வரும் ரொட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளும்.

முதலில் எது எப்போது வந்தது என்பது. பேக்கிங் பவுடர் 1840களில்தான் வந்தது. வாளும் கோட்டையும் உள்ள உலகில் பஞ்சு போன்ற கேக் வேண்டுமென்றால், யாரோ ஒருவர் முட்டையை நெடுநேரம் அடித்திருக்க வேண்டும். அல்லது ஈஸ்ட் போட்ட இனிப்பு ரொட்டியாக இருக்க வேண்டும். ஈஸ்ட் பொட்டலமும் கிடையாது. புளித்த பழைய மாவு, இல்லையென்றால் பியர் நுரை. கால் நாட்டு (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி), ஐபீரிய (இன்றைய ஸ்பெயின் பகுதி) மக்கள் பியர் நுரையை வைத்து ரொட்டியை உப்ப வைத்ததை முதலாம் நூற்றாண்டிலேயே ரோம எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். இதிலிருந்து கதைக்கு ஒன்று கிடைக்கிறது: ரொட்டிக்காரரும் மது வடிப்பவரும் ஒருவரையொருவர் பகைத்துக்கொள்ள முடியாது. ஊரில் மதுவைத் தடை செய்தால் ரொட்டியும் மாறும்.

அடுத்து அடுப்பு. பழைய செங்கல் அடுப்பில் நெருப்பும் ரொட்டியும் ஒரே அறையில். இரண்டு மூன்று மணி நேரம் விறகை உள்ளேயே எரித்து, தணலையும் சாம்பலையும் வாரி எடுத்து, ஈரத் துணியால் தரையைத் துடைத்து, அந்தத் தேங்கிய சூட்டில் சுடுவார்கள். சூடு போதுமா என்று பார்க்கத் தரையில் ஒரு பிடி மாவை எறிவார்கள். உடனே கருகினால் சூடு அதிகம், மெல்லப் பழுப்பானால் சரி. முதலில் ரொட்டி, சூடு இறங்க இறங்க மற்றவை, கடைசியில் பழமும் மூலிகையும் காய வைப்பது. விறகு விலை உயர்ந்தது என்பதால் வீட்டுக்கொரு அடுப்பு இருக்காது. இடைக்காலப் பிரான்சில் பல இடங்களில் பிரபுவின் ஆலையிலும் அடுப்பிலும்தான் அரைக்கவும் சுடவும் வேண்டியிருந்தது, அதற்குக் கட்டணமும் இருந்தது. உங்கள் உலகின் அதிகாரம் யார் கையில் என்று காட்ட அரண்மனைக் காட்சியைவிட இது வலுவானது.

எந்த மாவு என்பதும் முக்கியம். கோதுமைதான் உயரமாக உப்பும். ரை என்ற தானியத்தின் ரொட்டி கனமாக, ஈரமாக வரும். பார்லி தட்டையாக வரும். வெள்ளை மாவு வேண்டுமென்றால் துணியில் சலிக்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், எடையும் குறையும். அதனால் வெள்ளை ரொட்டி பணக்காரர் வீட்டுக்கு. இத்தாலியின் பழைய ரோம நகரமான பொம்பெயியில் கி.பி. 79ஆம் ஆண்டு எரிமலைச் சாம்பலில் கரியான ரொட்டிகள் கிடைத்திருக்கின்றன, வட்டமாக, மேலே எட்டுத் துண்டாகப் பிளக்கும்படி கோடு போட்டவை. கீறல் என்பது அழகுக்கு மட்டுமில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி.

குளிர்ந்த ஈரமான ஆண்டுகளில் ரையில் எர்காட் என்ற பூஞ்சை பிடிக்கும். அந்த மாவைத் தின்றால் வலிப்பு, கைகால் எரிச்சல், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது, சிலருக்கு விரல்கள் கறுத்து உதிர்வது. ஒரு கிராமமே சாபம் பிடித்ததாக நம்ப மந்திரவாதியே தேவையில்லை.

படை நகர்வு எழுதுபவர்களுக்கு ஒரு கணக்கு. ரோமப் படைவீரனுக்கு நாளுக்கு ஏறக்குறைய 850 கிராம் கோதுமை. 5,000 பேர் என்றால் நாளுக்கு 4,250 கிலோ. பத்து நாளுக்கு 42 டன்னுக்கு மேல். ஒரு வண்டி அரை டன் ஏற்றும் என்று வைத்தால் 85 வண்டி, மாடுகளுக்கான தீனி இதில் சேரவில்லை. நிலாக்கணக்கு சொன்ன 15 கிலோமீட்டரை இதோடு சேர்த்துப் பாருங்கள். மலைக்கணவாயைத் திடீரென்று வந்து அடைக்கும் படை அவ்வளவு திடீரென்று வர முடியாது. கப்பலிலோ ஆற்றிலோ தானியம் வந்தாக வேண்டும், இல்லையென்றால் வழியிலிருக்கும் ஊர்கள் பட்டினி கிடக்க வேண்டும்.

பயணத்துக்கு உப்பிய ரொட்டியைக் கொடுக்காதீர்கள், ஒரு வாரத்தில் பூசணம். மாவும் தண்ணீரும் மட்டும் பிசைந்து, ஈரமே இல்லாமல் கட்டையாகச் சுட்ட பிஸ்கட்தான் மாதக்கணக்கில் நிற்கும். அதைக் கடிக்க முடியாது, குழம்பிலோ தண்ணீரிலோ ஊற வைத்துத்தான் தின்ன வேண்டும். நெருப்பு மூட்டப் பயந்து ஒளிந்திருக்கும் ஆட்களுக்கு அதுவே ஒரு பிரச்சினையாகும்.

#8 ஓரக்குறிப்பு

மாவரை எழுதினதை எல்லாரும் சேமிச்சு வைங்க. ஆனா ஒரு வேண்டுகோள், இதுல ஒரு அத்தியாயத்துக்கு ஒண்ணுதான் எடுக்கணும். அடுப்பு எப்படி வேலை செய்யுதுன்னு கதைசொல்லி விளக்கினா அது கட்டுரை. சூடு பார்க்கத் தரையில மாவை எறியற பொண்ணு, அது உடனே கருகறதைப் பார்த்ததும் "இங்க யாரோ நமக்கு முன்னாடி நெருப்பு மூட்டியிருக்காங்க"ன்னு புரிஞ்சுக்கறா. இப்போ அதே தகவல் கதையை நகர்த்துது. பாத்திரத்தோட கை செய்யற வேலையில தகவலை வைங்க, வாயில வைக்காதீங்க.

#9 தாள்பூச்சி

சமையலறையில் புத்தகம் வைப்பவர்கள் கவனத்துக்கு. மாவையும் புத்தகத்தையும் ஒருசேரத் தின்னும் வண்டு ஒன்று இருக்கிறது, ஸ்டெகோபியம் பனிசியம். மாவு, பிஸ்கட், மசாலா எதிலும் முட்டையிடும். அதன் புழு புத்தகக் கட்டின் பசையையும் அட்டையையும் துளைத்துக்கொண்டு போகும். தாளில் குண்டூசித் தலை அளவு வட்டத் துளையும், அலமாரியில் மெல்லிய தூளும் தெரிந்தால் முதலில் மாவு டப்பாவைத் திறந்து பாருங்கள், மூலம் பெரும்பாலும் அங்கேதான்.

மாவை இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் வையுங்கள். புதுப் பையை மூன்று நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்த பிறகு ஜாடிக்கு மாற்றினால் முட்டைகள் செத்துவிடும். பாதித்த புத்தகத்தை பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். உடனே பிரித்தால் தாளில் நீர் கோக்கும்.

செய்முறைப் புத்தகத்தை அடுப்பருகே கொண்டுபோகாமல் ஒரு அட்டையில் அளவுகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். வெண்ணெய்க் கறை விழுந்துவிட்டால் தண்ணீர் தொடவே கூடாது. உறிஞ்சும் தாளால் ஒற்றி, இரண்டு பக்கமும் சோளமாவு தூவி, மேலே கனம் வைத்து ஒரு இரவு விட்டு, மென்மையான பிரஷால் முழுவதும் துடைத்தெடுங்கள். கறை மங்கும், முழுதாகப் போகாது. ஒரு துளி மாவும் தங்கவிடாதீர்கள், மேலே சொன்ன காரணத்துக்காகத்தான். அலமாரி ஓவன் இருக்கும் சுவரில் வேண்டாம். தாளுக்கு ஈரப்பதம் 40 முதல் 55 சதவீதம் வரை இருப்பது நல்லது, ஓவனைத் திறந்து மூடும் இடத்தில் அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

#10 ஏழாம்கோட்டை

அனைவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: எழுத்தோடு சேர்த்துச் செய்யவே கூடாதவை எவை? பிரெட் தவிர வேறு எவை பொருந்தும்?

#11 புளித்தமா

காரமல் கூடவே கூடாது. 170 டிகிரியில் அருமையாக இருக்கும், அடுத்த நிமிடமே கசக்கும். அதை வைத்துவிட்டு ஒரு வாக்கியம்கூட எழுத முடியாது. கேக் மாவும் காத்திருக்காது. பேக்கிங் சோடா அமிலத்தோடு சேர்ந்த உடனே வாயுவை விடத் தொடங்கிவிடும், "இந்தப் பத்தியை முடித்துவிட்டு வருகிறேன்" என்றால் கேக் நடுவில் அமுங்கும். கேக் வேண்டுமானால் எழுத்து முடிந்த பிறகு.

பொருந்துபவை இரண்டு. ஒன்று மெரிங்க். இரண்டு முட்டை வெள்ளைக்கு 110 கிராம் சர்க்கரை, விறைப்பாக அடித்து, 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம், பிறகு ஓவனை அணைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். அந்த ஒன்றரை மணியும் உங்களுடையது. ஈரமான நாளில் மட்டும் வேண்டாம், ஆறும்போதே பிசுபிசுத்துவிடும்.

இரண்டு, வெட்டிச் சுடும் பிஸ்கட். மைதா 250 கிராம், வெண்ணெய் 170, பொடித்த சர்க்கரை 85, உப்பு ஒரு சிட்டிகை. பிசைந்து 4 சென்டிமீட்டர் தடிமனில் உருளையாக்கி, தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் நிற்கும். வேண்டிய அன்று ஐந்து நிமிடம் வெளியே வைத்து, 7 மில்லிமீட்டர் வில்லைகளாக வெட்டி, 170 டிகிரியில் 14 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள், நடு மென்மையாகத்தான் இருக்கும், ஆறியதும் விறைக்கும். வெட்டும்போது உருளை நொறுங்கினால் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அமுங்கினால் இளகிவிட்டது.

டைமருக்குக் கைபேசியைப் பயன்படுத்தாதீர்கள். அணைக்கப் போய் வேறு எதையாவது பார்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள். முறுக்கி வைக்கும் சாதாரண டைமரை ஓவன் பக்கத்திலேயே வையுங்கள், அதை நிறுத்த எழுந்து போய்த்தான் ஆக வேண்டும்.